உன் அம்மா மருந்து குடிக்கவில்லை

குமரேசா,

உன் அப்பா எழுதுகிறேன். உடம்பு சுகம்தான், முட்டி மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. இந்தக் கடிதத்தை உன் சட்டைப் பையில் வைத்து அனுப்பியிருக்கலாம், நீ படிக்காமல் கிழித்திருப்பாய். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உன் அம்மா காமாட்சியைப் பற்றி பீடோங்கிலும் சுங்கை லாலாங்கிலும் ஊர் கூடிப் பேசியாயிற்று. கடைத்தெருவில் பேசிய பேச்சுக்கு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொன்னால் யாருக்குக் கேட்கும்? அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். ஆசிரியர் என் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று தனியாக ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீ மலைக்குப் போகிறாய். காய்கறித் தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கிற ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை. சந்தோஷம்தான், என் மகன் மண்டோர் ஆனதை இந்த லயத்து வீடுகளில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு படையல் போட்டுவிட்டுப் போடா என்றேன். நீ தட்டைத் தள்ளி வைத்தாய். “தானா மருந்து குடிச்சுச் செத்தவங்களுக்கு என்ன படையல்? மூணு வயசுப் பிள்ளை நடு வீட்டுல கிடக்கு, குடிச்சிட்டாங்க. எதுக்கு? உங்க புளுகு தாங்காம.” சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ தள்ளிய தட்டை நான்தான் எடுத்துக் கழுவி வைத்தேன்.

புளுகு என்றாய், ஒத்துக்கொள்கிறேன். கோலா கெத்திலுக்குப் போகிற ரோட்டில் புலியை டார்ச்லைட்டால் அடித்து விரட்டினேன் என்று உனக்குச் சின்ன வயதில் சொன்னது, புலி இல்லை, நாய். விரட்டியது நான் இல்லை, அதுதான் என்னை விரட்டியது. பட்டாளத்து மேஜர் என்னோடு கை குலுக்கினார் என்றேன். அவர் தன் குடையை நீட்டினார், நான் அதைப் பிடித்தேன், அவ்வளவுதான். தோட்டமே என்னை ‘மாமா, ஒரு கதை சொல்லுங்க’ என்று சுற்றி உட்கார்ந்தபோது எனக்கு ஜோடிக்காமல் இருக்க முடிந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஊரில் ஒரு நாற்காலி வேண்டுமென்றால் வாயால்தான் செய்துகொள்ள வேண்டும். இந்தக் கடிதத்திலும் கை தானாக ஜோடிக்கப் பார்க்கும். பார்த்தால் அங்கேயே நிறுத்தித் திருத்திச் சொல்கிறேன். அப்பன் பேச்சை நம்பாமல் வளர்ந்த பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது அதுதான்.

வெள்ளைக்காரன் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் தொடங்கியபோது நீ கைக்குழந்தை, உனக்கு ஞாபகம் இருக்காது. காட்டில் இருந்தவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே வாசல். அதில் ஸ்பெஷல் போலீஸ்காரன் துப்பாக்கியோடு நிற்பான். வேலைக்குப் போகிற ஆண்களை அவன் தடவிப் பார்ப்பான், பெண்களைப் பார்க்க ஒரு மலாய்க்காரப் பொம்பளை இருப்பாள். பிடி சோறு, ஒரு ரொட்டித் துண்டு, மடியில் வைத்த வெல்லம், எதுவும் வெளியே போகக்கூடாது. தண்ணீர் மட்டும் கொண்டு போகலாம், அதையும் முகர்ந்து பார்த்துத்தான் விடுவார்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிறவர்கள் மத்தியானம் வேலை முடிந்து வாசலுக்குள் வந்துதான் வாயில் சோறு வைக்க முடியும். வேலிக்கு வெளியே, போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தோட்டத்து நிர்வாகம் ஒரு காய்கறித் தோட்டம் போட்டது. கத்தரி, பயற்றங்காய், வெள்ளரி. அங்கே உன் அம்மாவும் அவள் கூட்டாளி பாக்கியமும் இன்னும் நாலைந்து பெண்களும் வேலை பார்த்தார்கள். காயை லாரியில் ஏற்றி பீடோங் பசாருக்குக் கொண்டுபோவது என் வேலை. டிரைவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். டிரைவர் வேறு ஒருவர். நான் பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போனவன்.

எங்கள் சின்னக் கிராணியைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. அவரும் நம்மவர்தான், ஆபீசில் கணக்கெழுதியவர். தோட்டம் முழுக்க எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று நம்பியது. நான்தான் நம்ப வைத்தேன். ஆபீஸ் பலகையில் ஏதாவது நோட்டீஸ் ஒட்டினால் ஆட்கள் என்னைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் சின்னக் கிராணியிடம் போய், பேச்சோடு பேச்சாக விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு பலகைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணைச் சுருக்கி, விரலை வரி வரியாக ஓட்டி, சொல்லுவேன். எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். எத்தனையோ வருஷம் அவர் அதை வெளியே விடவில்லை. கள்ளுக்கடையில் என் தோளில் கை போட்டு, “உன் மானம் என் கையில இருக்கு தம்பி, பயப்படாதே” என்று சிரிப்பார். அதைத்தான் நான் நட்பு என்று நினைத்தேன்.

உனக்கு மூன்று வயதான வருஷம் வெள்ளரியில் புழு கண்டபடி விழுந்தது. புது மருந்து வந்தது. பூண்டு மாதிரி ஒரு வாசம். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுத்துவிடும். அடித்த அன்றே புழு உதிர்ந்தது, பாத்திக்குள் மேய்ந்த இரண்டு கோழியும் செத்தது. பெண்கள் வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கியம்தான் முன்னால் நின்றாள். “கோழி செத்துப்போச்சுல, நாங்க என்ன கோழிய விடப் பெரிய உசுரா?” என்றாள். சின்னக் கிராணி அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ சொன்னா கேப்பாங்க தம்பி. பெரட்டுல ஒரு கோப்பை குடிச்சுக் காட்டு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அட, மருந்தையா குடிக்கச் சொல்றேன்? ஆயாக் கொட்டகையில பிள்ளைங்களுக்குக் கரைக்கிற பால்மாவு இருக்குலா.” மறுநாள் காலை, எல்லோர் முன்னாலும் அவர் கோப்பையை நீட்டினார். நான் வாங்கி, மேலே தூக்கி, அண்ணாந்து கடகடவென்று குடித்தேன். உதட்டைத் துடைத்துக்கொண்டு, “புழுவுக்குத்தான் விஷம், மனுசனுக்குப் பத்தியம்” என்று ஒரு போடு போட்டேன். என்னடா கைதட்டல் அது! இன்றைக்கும் காதில் கேட்கிறது. பெண்கள் அன்றே பம்பைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போனார்கள். குடித்தது பால். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் காரணம்.

பயம் என்றேன், கோபமும் இருந்தது. இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலை வெடித்துவிட்டது. “அடுத்த தடவை மருந்து குடிக்கிறப்ப சொல்லிட்டுக் குடிங்க. தாலியக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்து நானும் ஒரு கோப்பை வாங்கிக்கிறேன்” என்று கத்தினாள். நான் சிரித்தேன். சிரித்தது அவளுக்கு இன்னும் ஆத்திரம். அகப்பை என் தலைக்கு மேலே பறந்தது. லயத்துச் சுவர் பலகைச் சுவர், பத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்டது. உன்னைத் தூக்கி ஆயாக் கொட்டகைக்குப் புறப்பட்டவள் வாசலில் திரும்பி, “பசாருல நல்ல கருவாடு கிடைச்சா வாங்கிட்டு வாங்க, பல்லைக் காட்டிட்டு வெறுங்கையோட வராதீங்க” என்றாள். சண்டை அத்தோடு முடிந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை எப்படி முடியுமோ அப்படி. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். கருவாடு வாங்கி வரச் சொன்னவள் அன்றைக்கே சாக நினைத்திருப்பாளா என்று நீயே யோசி.

அவள் மயங்கி விழுந்ததும் நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் ஓடினேன் என்று உன் பெரியம்மா வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். நிறுத்துகிறேன். நான் பீடோங்கில் இருந்தேன். கருவாட்டுக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. காலையிலிருந்து வெறுங்கையால் பீப்பாயில் மருந்து கலக்கி, முதுகில் பம்பைச் சுமந்து அடித்த நனைவு. வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கன்னத்தில் சதை தனியாகத் துடித்தது. என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது, கண்மணி கடுகளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து நின்றேபோனது. அடுத்த கட்டிலில் பாக்கியம். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஒரே நாளில் நாலு பெண்களா தனித்தனியாகச் சண்டை போட்டுக்கொண்டு மருந்து குடிப்பார்கள்? ஊர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பாக்கியம் என் கையைப் பிடித்து அருகில் இழுத்து, காதில், “வெள்ளரிக்காய் தின்னோம் அண்ணே. பசி தாங்கலை. முந்தானையில துடைச்சுட்டுத் தின்னோம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள்.

ஏன் சொல்லக்கூடாது? வேலிக்கு வெளியே உணவுப் பொருளைத் தொட்டால் அது அந்தக் காலத்தில் காய் திருட்டோடு நிற்காது. யாருக்குக் கொடுக்கப் பறித்தாய், காட்டில் யாரைத் தெரியும் என்று கேள்வி வரும். கூட்டிக்கொண்டு போனால் எப்போது திரும்பி வருவோம் என்று தெரியாது. சோறு கொண்டு போகவும் விடமாட்டார்கள், கண்ணெதிரே காய்த்ததைத் தின்னவும் கூடாது. அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் நம்பிக்கையான ஓர் ஆளிடம் சொன்னேன். சின்னக் கிராணியிடம்.

அவர் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். ஜோடிக்கவில்லை, உண்மையிலேயே அழுதார். “நான் பாத்துக்கிறேன் தம்பி. வெள்ளரிக்காய் பேச்சே வேணாம். வேலை செய்யறப்ப மருந்துக் காத்துப் பட்டு விழுந்துட்டாங்கன்னு எழுதிடறேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்” என்றார். மறுநாள், ஆபீசில், துரை உட்கார்ந்திருக்க, பெரிய கிராணி நிற்க, வாசலில் நம் ஆட்கள் இருபது பேர் எட்டிப் பார்க்க, சின்னக் கிராணி ஒரு இங்கிலீஷ் காகிதத்தை என் முன்னால் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே. நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடு.” நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைச் சுருக்கினேன். விரலை வரி வரியாக ஓட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். பெண்டாட்டி செத்த மறுநாள், குமரேசா, அப்போதும் நான் வாசலில் நின்றவர்களுக்கு நடித்துக் காட்டினேன்.

காமாட்சி மருந்து குடித்துவிட்டாள் என்ற பேச்சு அந்த வாரமே கிளம்பியது. தாலியைக் கழட்டுவேன், நானும் ஒரு கோப்பை என்று அவள் கத்தியதைக் கேட்ட பத்து வீடு இருந்தது, போதாதா? ஊர்ப் பேச்சு, ஓய்ந்துவிடும் என்று இருந்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மாவின் சாவுப் பத்திரம் கேட்டார்கள். தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற வழியில், பீடோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் காட்டினேன். அவர் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர். பத்திரத்தோடு மடிந்திருந்த இன்னொரு காகிதத்தையும் பிரித்தார். நான் கையெழுத்துப் போட்டதன் நகல். மூக்குக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, “இது நீங்க போட்ட கையெழுத்தா?” என்றார். ஆமாம் பாய் என்றேன். “படிச்சுட்டா போட்டீங்க?” அதற்கும் ஆமாம் என்றேன், வாய் தானாகச் சொல்லியது. அவர் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு, என்னை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வீட்டுச் சண்டையால் என் மனைவி தானே மருந்தை எடுத்துக் குடித்தாள். மருந்தின் ஆபத்து அவளுக்கு முன்பே தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். நிர்வாகத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கீழே என் பெயர். நான் பழகிப் பழகி அழகாகப் போடக் கற்றுக்கொண்ட கையெழுத்து.

சின்னக் கிராணியின் சட்டையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் அறைந்தேன் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். நான்தான் அந்தக் கதையைப் பரப்பியவன். அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போன பிறகு சுங்கை பட்டாணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தது உண்மை. “என்னப்பா, எப்படி இருக்கே? பையன் படிக்கிறானா?” என்றார், பழைய மாதிரி தோளில் கை போட்டு. நான், “ஏன் அய்யா அப்படி எழுதினீங்க?” என்று கேட்டேன். கெஞ்சுவது போலத்தான் கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீ படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டே? துரைக்கு முன்னால, இருபது பேருக்கு முன்னால?” பஸ் வந்தது. அவர் பெட்டி கனமாக இருந்தது. நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அவர் அப்படி எழுதியதன் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. விசாரணை என்று வந்தால் பால் கோப்பைக் கதை வெளியே வரும், கோப்பையை நீட்டிய கை அவருடையது. என் ரகசியத்தை அத்தனை வருஷம் காப்பாற்றினார், ஒருநாள் அது தனக்கு வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்.

அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பாய் படித்துக் காட்டிய பிறகும் நான் பதினெட்டு வருஷம் சும்மா இருந்தேனே, அதற்கு என்ன பெயர்? இங்கிலீஷ் தெரியாமல் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் அம்மாவின் பெயர் அன்றே சுத்தமாகியிருக்கும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில், எங்கப்பா இங்கிலீஷ் பேப்பர் படிப்பார் என்று பீற்றிக்கொண்டிருந்தாய். அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக என்பது ஜோடனை. எனக்காகத்தான். நான் படித்தவனாக இருக்க வேண்டும் என்பதற்காக அவள் மருந்து குடித்தவளாகவே இருந்தாள்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் சுங்கை லாலாங்குக்குப் போய் பாக்கியத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவளுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை, கால் மரத்துப் போகிறது, பிசைந்த சோற்றைப் பேத்திதான் ஊட்டுகிறாள். பத்திரிகைக்கு எழுதப் போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “இப்பதான் உங்களுக்கு எழுத வருதா?” என்றாள். பிறகு சொன்னாள். “எல்லாத்தையும் கேட்டீங்க அண்ணே, அன்னிக்கு அவ என்ன சொன்னான்னு மட்டும் இத்தன வருசமா கேக்கலையே. எனக்குப் பயம். அப்பதான் அடிச்ச பாத்தி, மருந்து சொட்டுது. வேணாம்டின்னு கையைப் பிடிச்சேன். அவ சிரிச்சா. ‘எங்க வீட்டுக்காரரு ஒரு கோப்பை முழுசா குடிச்சுட்டு கல்லு மாதிரி நிக்கிறாரு, இந்தத் துளியா நம்மள கொல்லப் போவுது’ன்னு சொல்லிட்டுக் கடிச்சா. அவ தின்னதைப் பாத்துதான் நாங்களும் தின்னோம்.”

அந்தப் பால் கோப்பையை நான் இத்தனை வருஷமும் ஒரு வேடிக்கைக் கதையாக மனதுக்குள் வைத்திருந்தேன். கோப்பையில் இருந்தது பால் என்று மட்டும் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மலையில் உன் ஆட்கள் ஒருநாள் உன்னிடம் கேட்பார்கள், அண்ணே இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுதானே என்று. அப்போது உனக்கு மேலே இருப்பவன் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பான், நீ ஒன்றும் பண்ணாது என்று சொல்ல வேண்டும் என்று. பண்ணும் என்று சொல். கையை மூடச் சொல், நனைந்த துணியோடு நிற்காதே என்று சொல், அடித்த பாத்தியில் வாய் வைக்க விடாதே, அதற்கு முன்னால் அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார்களா என்று பார். உனக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, யாரையும் போட வைக்காதே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பீடோங்கில், சுங்கை லாலாங்கில் இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஒருநாளும் தெரிந்ததில்லை.

புறப்படுவதற்கு முன்னால் பாக்கியத்தைப் போய்ப் பார். பஸ்ஸை விட்டு இறங்கி, கோயிலைத் தாண்டி, மூன்றாவது வீடு. நான் எழுதியதை நீ நம்ப வேண்டாம், அவளிடம் கேள். அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அதனால் எனக்காக ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லமாட்டாள். கேட்ட பிறகு என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம், அதற்காக நான் யாரையும் தூது அனுப்பமாட்டேன். உன் அம்மா மேல் வைத்திருக்கிற கோபத்தை மட்டும் என் மேல் மாற்றிக்கொள். அவள் உன்னை விட்டுவிட்டுப் போக நினைக்கவில்லை, அவளுக்குப் பசித்தது.

உன் அப்பா